இல்லாத அண்ணனுக்கு ஒரு அண்ணி

ஸ்டவ்வில் இன்னும் பாதி மண்ணெண்ணெய் இருந்தது. அப்படியே வண்டியில் ஏற்றினால் வழியெல்லாம் சிந்தும் என்று, அஞ்சலை கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து அதைப் பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். புனல் கிடையாது. பழைய தபால் கார்டு ஒன்றைச் சுருட்டிப் பாட்டிலின் வாயில் செருகியிருந்தாள். எண்ணெயில் ஊறிய மசி நீலமாக அவள் விரலில் இறங்கியது.

"ஸ்டவ்வ நீயே வச்சிக்க அஞ்சல. எனக்கு எதுக்கு?" என்றேன்.

"ஒங்கம்மா குடுத்தது. எங்கேன்னு கேப்பாங்க. எடுத்துட்டுப் போ. எனக்கு வெறகு அடுப்பு போதும்."

அடுப்பு போதும் என்றாள். நான் போன பிறகும் இதே வீட்டில், இதே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு அந்த நம்பிக்கை இருந்தது. எட்டரை மணிக்கு இல்லை.

நடுவில் நடந்ததைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும். போன வாரமே எழுதியிருக்க வேண்டும். சிதம்பரத்து மழையைப் பற்றி இரண்டு பக்கம் அளந்துவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். விருத்தாசலத்திலிருந்து ஒரு வாசகி அதைக் கண்டுபிடித்துவிட்டார். "இரண்டு வருஷம் சிதம்பரத்தில் குடியிருந்ததாக எழுதுகிறீர்கள். மழை வருகிறது, கிணறு வருகிறது. கூட யார் இருந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். கெட்டிக்காரி. இனி மறைக்க முடியாது.

எட்டாவது வீடு

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. சிதம்பரத்தில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீடு கடலூர் முதுநகரில். அப்பாவுக்குத் துறைமுகத்துக் கிடங்கில் வேலை. தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன். வண்டி பரங்கிப்பேட்டையில் பத்து நிமிஷம் நின்று யோசிக்கும். தாமதமாக வந்ததற்கு ஹெட் கிளார்க்கிடம் நான் வாங்காத திட்டு கிடையாது.

கிள்ளை ஸ்டேஷனில் ஒரு பெண் ஏறுவாள். தைத்துப்போட்ட ரவிக்கை கச்சிதமாக இருக்கும். கையில் ஒரு பிரம்புக் கூடை. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர். பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்திலிருந்து வருகிறாள். அந்தக் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் பெண் அவள்தான். அதுதான் அஞ்சலை.

பழகிய நாலாவது நாளே தன் கதையைச் சொல்லிவிட்டாள். அக்கா இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, மூன்றாவது பிரசவத்தில் போய்விட்டாள். அக்காள் புருஷனுக்கு இவளைக் கட்டிக்கொடுப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது.

"ஆள் எப்படி?" என்று கேட்டேன்.

"மாமா நல்ல மனுஷன்தான். அதான் கஷ்டமே. கெட்டவரா இருந்தா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணலாம். இவர வச்சிக்கிட்டு என்னா பண்றது?"

அவளுக்குக் கல்யாணமே வேண்டாம் என்றில்லை. டீச்சராக இருக்க வேண்டும். கல்யாணமானால் குப்பம், இரண்டு பிள்ளைகள், கருவாடு, அவ்வளவுதான். "வெளியூர்ல வீடு எடுத்துத் தங்கி வேல பாக்குறேன்னா பேச்சத் தள்ளிப் போடுவாங்க. தெனம் அவுங்க கண்ணு முன்னாடி போயிட்டு வந்தா, ஒரு நாள் புடிச்சி ஒக்கார வச்சிருவாங்க" என்றாள். வீடு எனக்கு ஒரு சௌகரியம். அவளுக்கு அது உயிர். படிக்கிறவர்கள் இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

ஏழு வீடு ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "ஆம்பள யாரு?" யாருமில்லை என்றதும் கதவு சாத்திக்கொள்ளும். ஏழாவது வீட்டுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி நாடகம்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த யோசனை பிறந்தது.

"நீ எனக்கு அண்ணி. எங்க அண்ணன் மிலிட்டரியில இருக்காரு. நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம். யாரு என்ன கேக்க முடியும்?"

"ஒனக்கு ஏது அண்ணன்?"

"இல்லாதது நல்லதுதானே? லீவுல வந்து நிக்க மாட்டாரு."

அவள் பதறிப்போனாள். "இது வெளையாடுற விஷயமா சரோஜா?" என்றாள். நான் விடவில்லை. கடைத்தெருவில் மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும் வாங்கி, சந்துக்குள் அழைத்துப் போய், சுவரோரமாக நிற்கவைத்துக் கட்டினேன். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டும் நாத்தனார் போடுவாள். எங்களுக்கு மாப்பிள்ளை இல்லாததால் மூன்று முடிச்சையும் நானே போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன்.

பொய் சொன்னது நான். கழுத்தில் கட்டிக்கொண்டது அவள்.

கார்த்திகையா, ரோகிணியா?

எட்டாவது வீட்டுக்காரம்மாவின் பெயர் தனபாக்கியம். தில்லைக்காளி கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் வீடு. முன்பக்கம் அவர் தனியாக இருந்தார். பின்பக்கம் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கிணறு பொது.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று முதலில் கேட்டார். எங்கள் சாதியைச் சொன்னேன். எனக்கு அது உண்மை. அஞ்சலைக்குப் பொய். அண்ணி என்று சொல்லிவிட்டதால், அவளுக்குத் தனியாக அந்தக் கேள்வி வரவில்லை. அவள் பெயரையும் அஞ்சலாட்சி என்று நீட்டி வைத்தேன்.

மிலிட்டரி என்றதும் அந்த அம்மாளின் முகமே மாறிப்போயிற்று. அவருடைய ஒரே மகன் செல்வராசுவும் மிலிட்டரியில்தான் இருந்தான். அதை நாங்கள் எங்கே கண்டோம்?

"ஒங்கண்ணன் பேரு என்னம்மா?"

எதிர்ச் சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. "முருகேசன்" என்றேன்.

"நட்சத்திரம்?"

"கார்த்திகை" என்றேன் நான். அதே நொடியில் "ரோகிணி" என்றாள் அஞ்சலை.

வீட்டுக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அஞ்சலைதான் சமாளித்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "கார்த்திக முடிஞ்சி ரோகிணி பொறக்குற நேரத்துலம்மா. அவுங்க வீட்ல ஒண்ணு சொல்வாங்க, ஜாதகம் எழுதுனவரு ஒண்ணு சொல்வாரு" என்றாள்.

"அதுக்கென்னா? ரெண்டு நட்சத்திரத்துக்கும் அர்ச்சன பண்ணிட்டாப் போச்சு."

அன்று முதல் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் செல்வராசு பெயருக்கு ஓர் அர்ச்சனை, முருகேசன் பெயருக்கு ஒன்று. பிரசாதத்தைக் கொண்டுவந்து அஞ்சலையின் நெற்றியிலும் வகிட்டிலும் அவரே வைத்துவிடுவார். "மிலிட்டரிக்காரன் பொஞ்சாதி. ஒன் தைரியம் எனக்கு வராதும்மா" என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அஞ்சலை முதல் மாதம் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவள் கல்யாணமாகாத மிஸ். அதனால் காலையில் தெருமுனை தாண்டியதும் கயிறு ரவிக்கைக்குள் போகும். மாலையில் தெருமுனை வந்ததும் வெளியே வரும். ரவிக்கையின் கழுத்தோரம் எல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. எத்தனை துவைத்தாலும் போகாது.

வீட்டுக்காரம்மாவுக்குக் காது கூர்மை. அதனால் அறைக்குள் தனியாக இருக்கும்போதும் நான் அவளை "அண்ணி" என்றே கூப்பிட்டுப் பழகினேன். அண்ணி, உப்பு எங்கே? அண்ணி, என் ரிப்பனைப் பாத்தீங்களா? ஒரு வருஷத்தில் அந்த வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டது. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அஞ்சலைக்கு முருகேசன் பெயரைச் சொல்லும் தொல்லையும் இல்லை. "அவுங்க" என்றால் போதும். போகப்போக அந்த "அவுங்க" வேறு மாதிரி ஒலித்தது. ஒரு நாள், "அவுங்களுக்கு நெத்திலி புடிக்குமா?" என்று என்னிடமே கேட்டாள். பிடிக்காது என்றேன். முகம் வாடிவிட்டது.

கடுதாசி

வீட்டுக்காரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் போடும் கார்டுகளை அஞ்சலைதான் படித்துக் காட்டுவாள். "ஒங்க வூட்டுக்காரரு போடலியா?" என்று கேட்டால், பள்ளிக்கூடத்து சர்க்குலர் எதையாவது எடுத்துவைத்துக்கொண்டு முருகேசன் எழுதியது போல் படிப்பாள். குளிர் ஜாஸ்தி, ரொட்டி சலித்துவிட்டது, தங்கைக்கு வரன் பார்த்தீர்களா என்றெல்லாம் வரும். நானே நம்பிவிடுவேன்.

பிறகு எல்லையில் சண்டை மூண்டது. செல்வராசுவிடமிருந்து கார்டு வருவது நின்றது. தெருவில் ரேடியோ இருந்த வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். வீட்டுக்காரம்மா அங்கே போகமாட்டார். அடுப்பு மூட்டவில்லை. நாங்கள் கொடுத்த கஞ்சியைத் தொடவில்லை. மூன்றாவது நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார்.

மறுநாள் மதியம் அஞ்சலை ஒரு காகிதத்தோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அவுங்ககிட்டேர்ந்து கடுதாசி வந்திருக்கும்மா. கேளுங்க. 'செல்வராசுவ ஒரு கேம்ப்புல பாத்தேன். நல்லாருக்கான். கால்ல லேசா அடி, பெருசா ஒண்ணுமில்ல. அம்மாவ சாப்புடச் சொல்லுன்னு சொன்னான்'னு எழுதியிருக்காங்க."

அந்த அம்மாள் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது தையல் வகுப்புக்கு ஊசி, நூல் வாங்கவேண்டிய பட்டியல். பிறகு சாப்பிட்டார். நான் அஞ்சலையைச் சமையல்கட்டுக்குள் இழுத்து, "என்ன காரியம் பண்ண?" என்றேன். "செத்துருப்பாங்கடி" என்றாள் அவள்.

வாய் தவறி

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பண்ருட்டிப் பக்கம் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்குப் புது ரவிக்கை தைத்து எடுத்துக்கொண்டு அஞ்சலையும் வந்திருந்தாள். என் அப்பா அம்மாவுக்கு அவள் என்னோடு தங்கியிருக்கும் டீச்சர். அவ்வளவுதான் தெரியும். கயிற்றை உள்ளே தள்ளி, முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

காப்பித் தட்டை நான்தான் எடுத்துப் போனேன். டம்ளர் கொதித்தது. தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"அண்ணி, புடிங்க புடிங்க!" என்று கத்திவிட்டேன்.

அஞ்சலை ஓடிவந்து தட்டைப் பிடித்தாள். குனிந்தபோது முந்தானை சரிந்து, பிடரியில் மஞ்சள் கயிறு தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தார். காப்பியை வாங்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாக என் அம்மாவிடம் கேட்டார்.

"இவுங்க ஒங்க மருமவளா? பொண்ணுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லன்னு சொன்னீங்களே?"

"ஐயோ, இது கூட வேல பாக்குற பொண்ணுங்க."

"கூட வேல பாக்குறவங்கள யாரும் அண்ணின்னு கூப்புட மாட்டாங்களே." பிறகு அஞ்சலையிடம் திரும்பி, "எந்த ஊரும்மா ஒனக்கு?" என்றார்.

அஞ்சலைக்குப் பொய் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "பிச்சாவரம் பக்கம்" என்றாள்.

அவர்கள் போட்ட கணக்கு உங்களுக்குப் புரிந்திருக்கும். இந்த வீட்டில் ஒரு மகன் இருக்கிறான், குப்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான், அதை மூடி மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். வேறு என்ன நினைப்பார்கள்?

புதன்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமா சிதம்பரத்துக்கு விசாரிக்கப் போனார். வீட்டுக்காரம்மா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, என் குணத்தைப் புகழ்ந்து, அண்ணன் முருகேசனின் பெருமையைச் சொல்லி, அண்ணி தங்கமான பெண் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் நேராக முதுநகர் வந்து என் அப்பாவிடம், "ஒங்க மவன் பேரு தெரியுது, வேல தெரியுது, நட்சத்திரம்கூட ரெண்டு தெரியுது. இல்லவே இல்லங்கிறீங்களே சார்" என்றார்.

அப்பா என்னை முதுநகருக்கு வரவழைத்தார். அடிக்கவில்லை. "இருக்குறது ஒரே பொண்ணு. இல்லாத புள்ளைக்கு என்னப் பதில் சொல்ல வச்சிட்ட" என்றார். வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது தீர்ப்பு.

சத்தியம்

வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைக்கவில்லை.

"நீ போ. ஒனக்கு நல்ல எடம். நான் இங்கியே இருக்கேன்."

"எப்பிடி இருப்ப?"

"எப்பிடியா? அண்ணியும் நாத்தனாவும் சண்ட போட்டுக்கிட்டதா இருக்கட்டும். நீ கோவிச்சிக்கிட்டுப் போற. எந்த வூட்ல நடக்கல? நான் என் புருஷன் வர்ற வரைக்கும் இங்க இருக்கேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். "மாப்ள வூட்டுக்காரங்ககிட்ட உண்மையச் சொல்லு. நானே முதுநகருக்கு வந்து, இவ அண்ணன் பொஞ்சாதி இல்ல நானுன்னு சூடம் அடிச்சிச் சொல்றேன். வூட்டுக்காரம்மா முன்னாடி மட்டும் வேணாம் சரோஜா. அவுங்க வெளிய அனுப்பிட்டா எனக்குப் போக எடம் கெடயாது. குப்பம்தான். மறுமாசம் மாமா கட்டிடுவாரு."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் உள்ளங்கையில் அடித்துச் சொன்னேன். சொன்னபோது அது உண்மைதான்.

எட்டரை மணி

இப்போது கிணற்றடிக்குத் திரும்புவோம். பாட்டில் பாதி நிரம்பியபோது வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. அப்பா இறங்கினார். பின்னாலேயே மாப்பிள்ளையின் தாய்மாமாவும் இறங்கினார். அவர் வருவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்காரம்மா குளித்துவிட்டு, சண்டைக் கதைக்கு அவசியமே இல்லாமல், நான் கல்யாணத்துக்குப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், பூ வைத்துக்கொண்டு வந்தார். என் நெற்றியில் வைத்தார். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ரெண்டு வருஷமா எட்டிக்கூடப் பாக்கலியே நீங்க? இருக்கட்டும். மருமவளப் பத்திக் கவலப்படாதீங்க. மவன் வர்ற வரைக்கும் எம்பொண்ணா நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வீடு கிடைத்துவிட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தால் அஞ்சலை அங்கேயே இருந்திருப்பாள்.

தாய்மாமா அப்பாவைப் பார்த்தார். "கேளுங்க சார். இங்கியே கேளுங்க. இந்த அம்மா முன்னாடியே கேளுங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்க்காமல், கிணற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "சொல்லு. இந்தப் பொண்ணு ஒனக்கு யாரு?"

அஞ்சலை எழுந்து நின்றாள். கையில் மண்ணெண்ணெய்ப் பாட்டில். கண் மட்டும் கேட்டது.

"யாருமில்ல" என்றேன்.

சிநேகிதி என்று சொல்லியிருக்கலாம். தாய்மாமாவுக்கு அது போதும். உண்மையும் அதுதான். வீட்டுக்காரம்மாவிடமும் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். பொய்யைத் திருத்த ஓர் உண்மை போதுமாயிருந்த இடத்தில் நான் இன்னொரு பொய்யைச் சொன்னேன். அதற்கு முன்னால் சொன்ன ஆயிரம் பொய்யும் சேர்ந்து இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

"அப்ப முருகேசன்?" என்றார் வீட்டுக்காரம்மா.

"எனக்கு மவனே கெடயாதும்மா" என்றார் அப்பா.

அந்த அம்மாள் குங்குமத் தட்டைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். மெதுவாக வைத்தார். பிறகு அஞ்சலையிடம் போனார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்ப அந்தக் கடுதாசி?"

"நீங்க சாப்புடாமக் கெடந்தீங்கம்மா" என்றாள் அஞ்சலை.

"கால்ல அடின்னு சொன்னியே. கேம்ப்புல பாத்தான்னு சொன்னியே."

வீட்டுக்காரம்மா அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். செல்வராசுவிடமிருந்து அதுவரை ஒரு கார்டும் வந்திருக்கவில்லை. தாய்மாமா, "இது கடக்கர ஆளும்மா. அதுவும் ஒங்களுக்குத் தெரியாது" என்று எடுத்துக்கொடுத்தார். அந்த அம்மாள் ஒரு தடவை கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மகன்தான் அவர் கண்முன் நின்றான்.

"பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணிடு" என்றார்.

அஞ்சலை தலையாட்டினாள். அவள் கை கழுத்துக்குப் போனது. கயிற்றைப் பிடித்துத் தலைவழியாகக் கழற்றப் போனாள்.

"இங்க கழட்டாதடி!" என்று அலறினார் வீட்டுக்காரம்மா. "எம் புள்ள எங்க கெடக்கிறானோ தெரியல. எம் வூட்ல தாலியக் கழட்டாத. அப்பிடியே போயிடு!"

அஞ்சலை கையை எடுத்துவிட்டாள். நான் போட்ட மூன்று முடிச்சோடு அப்படியே நின்றாள்.

நான் பெட்டியையும் ஸ்டவ்வையும் தூக்கினேன். அவளைக் கடந்துதான் போக வேண்டும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காறித் துப்பினால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"இன்னும் எண்ண இருக்கு அதுல" என்றாள். "சாய்க்காமத் தூக்கு. சேலையில கொட்டிக்காத."

நாத்தனார்

கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது. எனக்கும் மூன்று முடிச்சு விழுந்தது. இரண்டு முடிச்சு போட்டவள் என் நாத்தனார். மறுநாள் காலை அவள் சமையல்கட்டு வாசலில் நின்று "அண்ணி, காப்பி" என்று கூப்பிட்டாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டில் எனக்கு அண்ணி என்றுதான் பெயர். இன்றுவரை யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்கு மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறது.

அஞ்சலையைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்களா, அவளே நின்றுவிட்டாளா, தெரியாது. செல்வராசு திரும்பி வந்தானா என்பதும் தெரியாது. அந்தச் சந்துப் பக்கம் போய் விசாரிக்கிற தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மூன்று நாலு வருஷம் கழித்து, அம்மாவைப் பார்க்க முதுநகர் போய்விட்டுத் திரும்பும்போது, ஸ்டேஷனில் நின்றிருந்தேன். எதிர் பிளாட்பாரத்தில் சிதம்பரம் பாசஞ்சர் புறப்படத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் அஞ்சலை. மடியில் ஒரு குழந்தை. காலடியில் வலை நூல் கட்டு. பக்கத்தில், வெயிலில் கறுத்த, அமைதியான ஒரு மனிதர். மாமாவாகத்தான் இருக்க வேண்டும். நல்ல மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன். "அஞ்சல!" என்று கூப்பிட்டேன். காதில் விழவில்லையா, விழுந்தும் திரும்பவில்லையா, தெரியவில்லை. வண்டி ஊதிவிட்டது. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அண்ணி!"

திரும்பினாள். என்னை நன்றாகப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். யாருமில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். எனக்கு அது கிடைத்திருந்தால் அதோடு கணக்குத் தீர்ந்து, நானும் இத்தனை வருஷம் தூங்கியிருப்பேன்.

"யாரு அஞ்சல அது?" என்று கேட்டார் அவர்.

"என் நாத்தனா, மாமா" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "ஒனக்கு ஏது நாத்தனா? எனக்குத்தான் கூடப் பொறந்தவங்களே கெடயாதே."

வண்டி நகர்ந்தது.